ஒன்றாம் நம்பர் எந்தப் பக்கம்?

என் வலது கைக் கட்டைவிரலை நம்பி யாரும் பெரிய பொறுப்பு எதையும் கொடுத்ததில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் இரண்டு முறை மை பூசிக்கொண்டது. அதன் பிறகு ஓய்வில்தான் இருந்தது. அப்பேர்ப்பட்ட விரலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, படப்பையில் எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில், ஓர் என்ஜினின் ஓட்டைமீது அழுத்திக்கொண்டு குனிந்து நின்றேன்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் தெரிகிற ஓட்டை அது. விரலுக்குக் கீழே எண்ணெய்ப் பிசுக்கு. முதுகில் தகரக் கூரையின் வெக்கை.

"ஏங்க, திருப்பட்டுமா?"

ஓட்டுநர் இருக்கையில் சாவியைப் பிடித்தபடி கல்யாணி இருந்தாள். என் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டை மடியிலேயே வைத்திருந்தாள். என்மீது அவளுக்கு இருந்த நம்பிக்கையின் கனம் அவ்வளவு.

"கொஞ்சமா திருப்பு. காத்து விரலத் தள்ளுச்சுன்னா சொல்றேன்."

"தள்ளலன்னா?"

"அப்பவும் சொல்றேன்."

அந்தக் காற்றை நம்பி ஒரு பழைய கார் மட்டும் நின்றிருந்தால் எனக்கு அவ்வளவு வியர்த்திருக்காது. முத்துப்பாண்டியின் திங்கட்கிழமையும் அதை நம்பித்தான் நின்றது.

நான்கு போல்ட்

முத்துப்பாண்டி நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. விளாத்திகுளம் பக்கம். ஐ.டி.ஐ. முடித்து, ஊர்ப்பக்கம் ஒரு மெக்கானிக் கடையில் சில வருடம் என்ஜின் பிரித்துப் பூட்டியவர். நல்ல வேலை தேடி, தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடத்துக்கு வந்தார். வந்த இடத்தில் நாங்கள் அவர் கையில் நான்கு போல்ட்டைக் கொடுத்தோம். பிரேக் பாகம் ஒன்று வரும், நான்கு போல்ட்டை முடுக்க வேண்டும், அடுத்தது வரும். ஆறு வருடமாக அதே நான்கு.

இரண்டாயிரத்துப் பத்தைத் தாண்டி ஓரிரு வருடம் ஆகியிருக்கும். ஒரு கார் கம்பெனியில் என்ஜின் பிரிவுக்கு நிரந்தர ஆட்கள் எடுத்தார்கள். முத்துப்பாண்டி விண்ணப்பித்து எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். திங்கட்கிழமை காலை செய்முறைத் தேர்வு. ஓர் என்ஜினை முன்னால் வைத்து டைமிங் பூட்டச் சொல்வார்கள். முப்பது வயது முடிந்தவர்களை எடுக்க மாட்டார்கள். அவருக்கு முடிய இரண்டு மாதம் இருந்தது. அடுத்த முறை என்று ஒன்று அவருக்குக் கிடையாது.

"கை மறந்து போச்சான்னு பாக்கணும் சார். ஒங்க வண்டி என்ஜின நான் பூட்டித் தாரேன்" என்று அவராகத்தான் கேட்டார்.

என் வண்டிக்கு அப்படி ஓர் ஆள் தேவைப்பட்டது உண்மை. மாமனாரின் கார் என்னிடம் வந்த கதையைச் சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் எழுதி, அது புகை விட்டதோடு நிறுத்தியிருந்தேன். 'கார் என்ன ஆயிற்று?' என்று திருத்தணியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். என் நலத்தை விசாரிக்காமல் காரின் நலத்தை மட்டும் விசாரிப்பதில் அவர் இரண்டாமவர். முதலாமவர் மாமனார்.

அந்தக் கதை தெரியாதவர்களுக்கு: மணிமங்கலத்தில் இருந்த மாமனார், கண்ணில் புரை விழுந்த பிறகு தன் காரை எனக்குக் கொடுத்தார். எந்தக் கார் என்று சொல்ல மாட்டேன். அதைச் செய்தவர்களுக்கும் பேரன் பேத்திகள் இருப்பார்கள். என்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும், மூக்கு நீண்ட ஜாதி. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு அரை லிட்டர் ஆயில் கேட்டது. கடைசியில் ஒரு நாள் மணிமங்கலம் ஏரிக்கரைமேல் நின்றுவிட்டது. என்ஜினைப் பிரித்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லேத் பட்டறையில் சிலிண்டர்களைக் கடைந்து, புது பிஸ்டன்களோடு சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொட்டகையில் போட்டிருந்தேன்.

இடது பக்கம் என்று ஒன்று

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் தப்பிக்கத்தான் பார்த்தேன்.

தொழிற்சாலையில் ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னாலும் ஒரு தாள் தொங்கும். முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று வரிசையாக எழுதியிருக்கும். அந்தத் தாள்களைத் தமிழில் எழுதுவதுதான் எனக்குச் சம்பளம் தந்த வேலை. பழைய உரையாசிரியர்களை விரும்பிப் படிக்கிறவன் நான். அவர்கள் ஒரு சொல்லுக்கு நான்கு பக்கம் விளக்கம் எழுதினார்கள். நான் நான்கு பக்க விளக்கத்தை ஒரு சொல்லில் எழுதினேன். அவர்கள் புகழோடு இருக்கிறார்கள். நான் லேமினேஷனோடு இருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாளில் 'ஸ்பிரிங்கை இடது பக்கம் வைக்கவும்' என்று எழுதினேன். தெளிவான தமிழ். ஆனால் அந்த லைனில் ஆட்கள் இரண்டு பக்கமும் எதிரெதிராக நிற்பார்கள். அவனவன் தன் இடது பக்கம் வைத்தான். அரை நாள் உற்பத்தியில் சரி பாதி தலைகீழ்.

விசாரணை நடந்தது. விசாரணைக்கு ஒரு படிவம் உண்டு. அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. படிவத்தை நிரப்ப வேண்டியவனும் நான்தான். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தக் கட்டத்தில் எல்லோரும் எழுதுகிற வாக்கியம் அது, கையே எழுதிவிடும். பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில், தாளைக் கழற்றி 'கதவைப் பார்த்து நின்றால் இடது பக்கம்' என்று திருத்தித் தொங்கவிட்டேன்.

இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டுவிட்டதாக ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்ஜினைப் பூட்டவும் ஒரு தாள் எழுதினேன். யாரும் கேட்கவில்லை. இருபத்திரண்டு படிகள், பெரிய எழுத்து, இரண்டு பக்கமும் கனமான பிளாஸ்டிக். கொட்டகையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டபோது கல்யாணி பார்த்துவிட்டுப் போனாள். "சமையலுக்கும் ஒண்ணு எழுதி மாட்டுங்க. அதப் பாத்து நீங்களே செஞ்சுக்கலாம்."

பந்தி

என்ஜின் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். நான்கு பேர் உட்கார்ந்த பந்தியை நினைத்துக்கொண்டால் போதும். நான்கு சிலிண்டர்கள், நான்கு இலைகள். டிஸ்ட்ரிபியூட்டர் என்கிற உருண்டைச் சாமான்தான் பரிமாறுகிறவர். அவர் வாளியில் இருப்பது நெருப்புப்பொறி. வரிசையாகப் பரிமாற மாட்டார். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று தாவித் தாவித்தான் போவார். பிஸ்டன் மேலே வந்து பெட்ரோல் காற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு 'போடு' என்று காத்திருக்கும் சரியான நொடியில் பொறி விழ வேண்டும். இந்த நேரப் பொருத்தத்துக்குத்தான் டைமிங் என்று பெயர். சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனவன் இலையில் பாயசத்தை ஊற்றினால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும் ஆகும்; கூடவே சத்தமும் வரும்.

என் தாளில் பதினான்காம் படி: 'ஒன்றாம் சிலிண்டரை அழுத்தத்தின் உச்சிக்குக் கொண்டுவரவும்.' பதினைந்தாம் படி: 'டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தி, ஒன்றாம் சிலிண்டரில் தொடங்கி 1-3-4-2 வரிசையில் ஒயர்களை மாட்டவும்.'

பதினான்கு வரை முத்துப்பாண்டி. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், தான் தங்கியிருந்த மண்ணூரிலிருந்து பஸ் மாறி வந்து பூட்டினார். என்ஜினுக்குள்ளே ஒரு சங்கிலி உண்டு. எந்த வால்வு எப்போது திறப்பது என்பது அதன் கையில். அதை மாட்டும்போது இரண்டு பல்சக்கரங்களில் இருக்கிற குறிகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளினாலும் கதை முடிந்தது. அவர் அதை மாட்டிக்கொண்டிருந்தபோது இருட்டிய நேரம் பார்த்து வழக்கம்போல கரண்ட் போயிற்று. செல்போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு மாட்டி முடித்தார். பிறகு மூடியைப் போட்டு முடுக்கி, ஒன்றாம் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "யாரும் சுத்திராம பாத்துக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

பதினைந்து எட்வினுடையது; சனிக்கிழமைக்குள் முடிய வேண்டும் என்று நான்தான் கூப்பிட்டேன். எட்வின் இரண்டு தெரு தள்ளி இருப்பவர், உள்ளூர்க்காரர். வேறொரு வெளிநாட்டுக் கம்பெனியில் என்ஜின் லைனில் வேலை. எதையும் செய்துகொண்டே பேசுவார். பேசாமல் ஸ்பேனர் பிடித்து நான் பார்த்ததில்லை. புதன்கிழமை சாயங்காலம் வந்து, தாளைப் படித்து, டிஸ்ட்ரிபியூட்டரை வைத்து, ஒவ்வொரு ஒயரின் தலைப்பிலும் 1, 3, 4, 2 என்று டேப்பில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். "இதுக்கு மேல ஸ்டார்ட் ஆவலன்னா பெட்ரோல்ல தண்ணி கீதுன்னு அர்த்தம் சார்."

சனிக்கிழமைத் துப்பல்

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் வந்தார்கள். கல்யாணி டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் சாவியைத் திருப்பினேன்.

என்ஜின் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்பரேட்டர் வழியாக 'டுப்' என்று ஒரு முறை துப்பியது. மறுபடி சாவி. மறுபடி துப்பல், இந்த முறை சின்னதாக ஒரு தீ நாக்கோடு. எதிர்வீட்டு நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போயிற்று.

பெட்ரோல் பார்த்தார்கள், வந்தது. பொறி பார்த்தார்கள், நீலமாக வந்தது. டிஸ்ட்ரிபியூட்டரை இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் திருகினார்கள். துப்பலின் ஸ்வரம்தான் மாறியது.

அப்போது நான் நிர்வாகத்தைக் கையில் எடுத்தேன். தாளைக் கழற்றி உரக்கப் படித்து, ஒவ்வொன்றையும் சரிபார்ப்பது என்று ஏற்பாடு. முத்துப்பாண்டி முன்பக்கம், ரேடியேட்டருக்குக் கீழே படுத்திருந்தார். எட்வின் என்ஜினுக்குப் பின்பக்கம், காரின் முன் கண்ணாடி ஓரமாகப் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார்.

"பதினாலு. ஒன்றாம் சிலிண்டர் உச்சியில?"

"உச்சியில சார்" என்றது ரேடியேட்டர்.

"பதினஞ்சு. ஒன்றாம் ஒயர் ஒன்றாம் சிலிண்டர்ல?"

"கரெக்டா கீது சார்" என்றது கண்ணாடி.

பரிமாறுகிறவர் கை எந்த ஒயரைப் பார்க்கிறது என்று முத்துப்பாண்டி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். டேப்பில் '1' என்று போட்ட ஒயரைப் பார்த்தது. சரி. தாளின்படி எல்லாம் சரி. நான் ஒவ்வொரு படிக்கும் ஒரு டிக் போட்டேன். முழு மதிப்பெண் வாங்கிய என்ஜின் மறுபடி துப்பியது.

எட்வின் கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "வெளிய எல்லாம் ஓகே சார். அப்ப உள்ளதான். செயின்ல பல்லு தப்பிக்கீது."

"குறி பாத்துத்தான் மாட்டினேன் அண்ணே" என்றார் முத்துப்பாண்டி.

"பாத்திருப்ப. இருட்டுல பாத்த. அதான் சொல்றேன்."

முத்துப்பாண்டி முன்பக்கம் போனார். மூடி போட்டு அடைத்த சங்கிலியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்; இரும்பைத் தாண்டிக் கண் போகுமா என்று பார்க்கிறவர்போல. அதைத் திறக்க வேண்டுமானால் ரேடியேட்டரிலிருந்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இரண்டு நாள் வேலை.

எட்வினுக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டார். நான் முத்துப்பாண்டிக்கு ஆறுதல் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன வாக்கியங்களில் திரும்ப வாங்கிக்கொள்ள விரும்புகிறவற்றைப் பட்டியல் போட்டால் இது மேலே வரும்.

"பரவாயில்லப்பா. கரண்ட் இல்லாத நேரத்துல யாருக்கும் தப்பு வரத்தான் செய்யும்."

எவ்வளவு அன்பாகச் சொன்னேன் தெரியுமா. படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பியபோதுகூட அவ்வளவு அன்பு இருந்ததில்லை.

அவர் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். கை கழுவும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்: "திங்கக்கெழம போகல சார். சொந்தமா ஒரு என்ஜின ஒழுங்காப் பூட்டத் தெரியல. அங்க போயி என்னத்த கிழிக்க? குறிய பாத்த மாதிரிதான் இருக்கு. ஆனா பாத்தனான்னு இப்பம் எனக்கே தெரியல."

போகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். சரி என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு, "எதுல சார்?" என்றார். அவர் பக்கம் கிண்டல் இல்லை. என் பக்கம் மறதி.

விரலின் சாட்சியம்

இரவு தூக்கம் வராததில் ஒரு நல்லது, புத்தகத்தை எடுத்தேன். மாமனார் காரோடு கொடுத்த பழைய கையேடு. எலி கடித்தது போக மிச்சம். சந்தேகம் வந்தால் குறிகளை நம்பாதே, பிளக் ஓட்டையில் விரலை வை, காற்று தள்ளும்போது பிஸ்டன் மேலே வருகிறது என்று பொருள், இதுதான் சாரம்.

ஆகவே ஞாயிறு காலை. ஆகவே கட்டைவிரல்.

பொறி வராதபடி, டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருகிற நடு ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்தேன். முன்பக்கம், ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் ஓட்டையில் விரலை வைத்தேன். கல்யாணி சாவியைத் தொட்டுத் தொட்டு விட்டாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு விரலுக்குக் கீழே மெல்ல ஓர் அழுத்தம். அப்புறம் பலமாக, புஸ்ஸென்று, விரலை ஒதுக்கிவிட்டு ஆயில் வாசனையோடு முகத்தில் காற்று அடித்தது.

"நிறுத்து."

என்ஜினுக்கு முன்னால் சுழலும் கப்பியில் இருந்த கோடு தன் முள்ளுக்கு நேராக வருகிறவரை கையாலேயே கொஞ்சம் திருப்பினேன். இப்போது இந்த முதல் இலைக்காரர் சாப்பிடத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பரிமாறுகிறவர் கை '1' என்று டேப் ஒட்டிய ஒயரைத்தான் காட்டியது. சனிக்கிழமை பார்த்ததேதான்.

அடுத்து நான் செய்த காரியத்துக்கு அறிவு தேவையில்லை. அதனால்தான் எனக்கு வாய்த்தது. அந்த ஒயரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, அது எங்கே போகிறது என்று தடவிக்கொண்டே போனேன். என் விரல் வைத்த முதல் ஓட்டைக்கு வரவில்லை. இரண்டாவதைத் தாண்டியது. மூன்றாவதைத் தாண்டியது. கடைசியில், கண்ணாடி ஓரம், நான்காவதில் போய் முடிந்தது.

முதல் இலைக்காரர் காத்திருக்க, பாயசம் பந்தியின் அந்தக் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர் அந்த நேரத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சங்கிலி?" என்றாள் கல்யாணி.

"சங்கிலில தப்பு இல்ல. எல்லாம் இந்த எட்வின் பண்ண வேலை."

சொல்லும்போது எவ்வளவு சுகமாக இருந்தது. உடனே போன் போட்டேன். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பினேன்.

"ஒண்ணாம் ஒயர கடைசி சிலிண்டர்ல மாட்டியிருக்கியே எட்வின்."

"கடைசி இன்னா சார் கடைசி. பின்னால ஃப்ளைவீல் கீதே, அந்தப் பக்கத்துலேர்ந்து அதானே ஒண்ணு? எங்க லைன்ல அப்பிடித்தான் எண்றோம். ரெண்டு வருசமா அதான் பண்ணிகினு கீறேன்."

"இந்த வண்டியில ரேடியேட்டர் பக்கத்துலேருந்துதாம்பா ஒண்ணு."

"இருக்கலாம் சார். ஒவ்வொரு கம்பெனி ஒவ்வொரு மாரி. ஜப்பான்காரன் ஒரு பக்கம் எண்ணுவான், இன்னொருத்தன் இன்னொரு பக்கம் எண்ணுவான்." கொட்டாவி விட்டுவிட்டுக் கேட்டார். "உங்க தாள்ல எந்தப் பக்கம்னு போட்டுக்கீறீங்களா?"

திரும்பிப் பார்த்தேன். தாள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. 'ஒன்றாம் சிலிண்டரை.' தெளிவான தமிழ்.

"சார்? லைன்ல கீறீங்களா?"

இருக்கிறேன் என்றேன். தூங்கச் சொல்லிவிட்டு வைத்தேன். கல்யாணி ஒரு விடைத்தாளில் சிவப்பு மையால் எதையோ சுழித்துக்கொண்டிருந்தாள். என்னுடையதாக இருக்கக்கூடாதே என்று எட்டிப் பார்த்தேன்.

மண்ணூர்

ஒயர்களை மாற்றி மாட்ட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றை நான்கோடும் இரண்டை மூன்றோடும் இடம் மாற்றினால் தீர்ந்தது. சாவியைத் திருப்பியதும் ஒரு தும்மல் போட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டது. கரகரவென்று, ஆனால் நிற்காமல்.

அதைக் கேட்டுக்கொண்டு கொட்டகையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போனில் சொல்லிவிடலாம். 'ஏதோ ஒயர் மாறியிருக்குப்பா, சரியாயிடுச்சு, நாளைக்குப் போ.' பொய் ஒன்றும் இல்லை. யார் மாற்றினது என்று அவர் கேட்க மாட்டார். இடது பக்கத்துத் தாளைத் திருத்தித் தொங்கவிட்டதுபோல இதையும் திருத்தித் தொங்கவிடலாம்.

ஆனால் 'யாருக்கும் தப்பு வரத்தான் செய்யும்' என்று நேரில் சொன்னதைப் போனில் திரும்ப வாங்க முடியுமா என்று தெரியவில்லை. தாளை ஆணியிலிருந்து கழற்றிப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் கிளம்பினேன்.

புது பிஸ்டன், நாற்பதுக்கு மேல் போகக்கூடாது. ஒரகடம் சாலையில் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போன டிரெய்லர்கள் என்னைத் தாண்டும்போதெல்லாம் ஹாரன் அடித்தன. ஷேர் ஆட்டோக்களும் தாண்டின. ஒரு சைக்கிள்காரர் தாண்டவில்லை. பெருந்தன்மை என்று வைத்துக்கொண்டேன்.

மண்ணூரில் முத்துப்பாண்டி இருந்தது ஒரு மாடி அறை. எட்டுப் பேர், மூன்று ஷிப்ட், நான்கு பாய். நான் கீழே வண்டியை நிறுத்தியபோது அவர் வாசல் குழாயடியில் யூனிபாரம் துவைத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினார். என்னைப் பார்க்கவில்லை, என்ஜினைக் கேட்டார். சோப்புக் கையோடு எழுந்து வந்து பானெட்டில் காதை வைத்தார்.

"டைமிங் லேசா பின்னால கெடக்கு சார். ஸ்பேனர் இருக்கா?"

டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைத் தளர்த்தி, நூலளவு திருகினார். கரகரப்பு அடங்கி, ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. மறுபடி முடுக்கினார். அதன் பிறகுதான் கேட்டார்.

"செயின தெறந்தீங்களா?"

"இல்ல. செயின் நீ போட்டபடியே இருக்கு."

"தெறக்கவே இல்லையா?"

"இல்ல. நீ நிறுத்துன ஒண்ணு ரேடியேட்டர் பக்கம். எட்வின் மாட்டுன ஒண்ணு கண்ணாடிப் பக்கம். எந்தப் பக்கம்னு நான் தாள்ல எழுதல. நேத்து உங்கிட்ட சொன்னது தப்பு. தப்பு இருட்டுல நடக்கல, நான் எழுதுறப்பவே நடந்துடுச்சு."

அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டாலும் நியாயம். சிரித்தாலும் நியாயம். அவர் இரண்டும் செய்யவில்லை.

"அப்பம் குறி நேராத்தான் இருந்துருக்கு" என்றார்.

"நேராத்தான் இருந்தது."

"பாத்துத்தான் மாட்டிருக்கேன்."

"பாத்துத்தான் மாட்டியிருக்க."

தாளைக் கேட்டார். கொடுத்தேன். ஈரக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு வாங்கி, பதினான்காம் படியைப் படித்தார். பையிலிருந்த பேனாவை நீட்டி, நீயே திருத்திவிடு என்றேன். எழுதிப் பார்த்தார். மை பிளாஸ்டிக் மீது வழுக்கிக்கொண்டு ஓடியது. நான் எழுதியதில் யாரும் கை வைக்க முடியாதபடி, இரண்டு பக்கமும், என் கையாலேயே அடைத்திருந்தேன்.

முத்துப்பாண்டி ஸ்குரூ டிரைவர் நுனியை எடுத்தார். காரின் மூக்குமீது தாளை வைத்து, 'ஒன்றாம் சிலிண்டர்' என்பதற்கு மேலே கீறினார். 'ரேடியேட்டர் பக்கம்.' மழைநீர் வாய்க்கால்போல் கோணலாக இருந்தது. மை வெளுத்துப்போனாலும் அந்தத் தாளில் அழியாத எழுத்து அது ஒன்றுதான்.

"நாளைக்கு?" என்றேன்.

அலசாத யூனிபாரத்தைக் காட்டினார். "இது காயணும் சார். பரீட்சைக்குப் போட்டுட்டுப் போக நல்ல துணி இதான்."

கொடியில் தொங்கவிட்ட பிறகு, காற்று நன்றாகவே அடித்தது.

டீ

வேலை கிடைத்த செய்தி முத்துப்பாண்டிக்குத் தபாலில் வர மூன்று வாரம் ஆயிற்று. எனக்கு அது திங்கட்கிழமை மத்தியானமே தெரியும். சாப்பாட்டு நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது.

போனதும் ஓர் என்ஜினை ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருந்தார்களாம். தேர்வு நடத்த இரண்டு அதிகாரிகள். ஒருவர் ஆரம்பத்திலிருந்தே அங்கே இருப்பவர். இன்னொருவர் வேறு கம்பெனியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவர். ஒன்றாம் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டு வா என்றார்கள். இவருக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் உடனே ஸ்பேனரை எடுத்தார்களாம். இவர் எடுக்கவில்லை.

"நீ என்ன பண்ண?"

"கேட்டேன் சார். இங்க எந்தப் பக்கத்துலேருந்து எண்ணுவீங்கன்னு."

"என்ன சொன்னாங்க?"

"ஒருத்தர் இந்தப் பக்கம் கையக் காட்டினாரு. இன்னொருத்தர் அதே நேரத்துல அந்தப் பக்கம் காட்டினாரு. அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. என்னைய உக்காரச் சொல்லிட்டு, புஸ்தகத்த எடுத்துட்டு வந்து இங்கிலீஷுல பேச ஆரம்பிச்சாங்க. ரொம்ப நேரம் பேசினாங்க."

"அதுவரைக்கும் நீ என்ன பண்ண?"

"டீ குடுத்தாங்க சார். குடிச்சேன்."